ஆற்றரக்கி இன்னும் சாகவில்லை

இந்த ஆஸ்பத்திரித் தேத்தண்ணீரை மனிசர் குடிக்க முடியாது, எமில்டா. நான் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவந்திருப்பேன், மகள் கஜனி விட்டால்தானே. அப்பாவுக்குக் கண் குத்துகிறது என்றதும் மிசிசாகாவிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் பறந்துவந்து, உடுப்பு மாற்றக்கூட விடாமல் எங்கள் இருவரையும் காரில் ஏற்றிவிட்டாள். நீர் இந்தக் கண் பிரிவில் வேலை செய்கிற தமிழ்ப்பிள்ளை என்பதால் உம்மை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். ஒப்பரேசனுக்கு இரண்டு தரம் திகதி கொடுத்தும் ஏன் வரவில்லை என்றுதானே கேட்கிறீர். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

என் மனிசன் பத்மநாதன் நல்ல மனிசன். குடி இல்லை, கை நீட்டியதில்லை. ஒரே குறை, என்னை ஒரு வசனம் முடிக்க விட்டதில்லை. வாயைத் திறந்தால், "சரி சரி, விசயத்துக்கு வாரும்" என்பார். நான் விசயத்துக்கு வருவதற்குள் ரீவியைப் போட்டுவிடுவார். நாங்கள் இருக்கிற மல்வேர்ன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று நான் சொல்லத் தொடங்கி, அவர் அதைக் கேட்டு முடித்தபோது மேல்மாடிக் கார்ப்பெட்டில் தண்ணீர் நின்றது.

பிறகு அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சீனாக்காரரின் பழைய புராணக் கதையொன்றைத் தொடராக எடுத்துப் போட்டார்கள். முகிலில் ஏறிப் போகிற தளபதி, தாடிக்குள் மழையை ஒளித்து வைத்திருக்கிற முனிவர், ஆற்றரக்கி. அவருக்கு அதென்றால் உயிர். பேச்சுச் சீனம், கீழே இங்கிலிஷ் எழுத்து. அவருக்குப் படமே புகையாகத்தான் தெரிந்தது, எழுத்து அறவே தெரியவில்லை. "இஞ்சேரும், என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காச் சொல்லுமன்" என்றார். தமிழில் சொன்னேன். சும்மா ஒரு இடத்தில் நிறுத்திப் பார்த்தேன்.

"பிறகு?" என்றார்.

நீர் இன்னும் கல்யாணம் கட்டவில்லைப் போலிருக்கிறது. கட்டினால்தான் அந்தச் சொல்லின் ருசி தெரியும். வாயில் போட்ட மிக்சரை மெல்லாமல், என் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார் என் மனிசன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோசத்தில்தான்.

முதலில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். ஆனால் தளபதி ஆற்றரக்கியை வெட்ட வந்த கட்டத்தில் எனக்கு மனம் வரவில்லை. பாவம், அவள் சொன்னதை ஒருவரும் காதில் போடவில்லை என்ற கோபத்தில் அரக்கியானவள். அங்கே ரீவியில் அவள் தலை உருண்டது. இங்கே நான் அவளைத் தப்பவைத்து, தளபதிக்கே மந்திரியாக்கினேன். "கெட்டிக்காரி" என்றார் பத்மநாதன். என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அதுவும் போதுமாக இருந்தது.

முதல் திகதி அந்தக் கிழமைதான் வந்தது. ஆள் ஊருக்குப் போய்விட்டார் என்று போனில் சொன்னேன். அடுத்த முறை காய்ச்சல் என்றேன். கஜனி கேட்டபோது, "வெயிற்றிங் லிஸ்ற்தானே பிள்ளை" என்றேன். "ஒன்ராறியோ அம்மா, வட் டு யூ எக்ஸ்பெக்ட்" என்று பெருமூச்சு விட்டாள். இந்த நாட்டில் ஆஸ்பத்திரி சுணங்குகிறது என்றால் ஒருவரும் மறுகேள்வி கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை.

தள்ளிப்போட்டால் கண்ணில் அழுத்தம் கூடும் என்று டொக்டர் முதலிலேயே சொன்னவர்தான். டொக்டரின் வேகம் இவருக்குப் பிடிபடவில்லை. நான்தான் தமிழில் சொன்னேன். அந்த வசனத்தை மட்டும் விட்டுவிட்டேன். கண் சிவந்து தலையிடி வந்தபோது கடையில் வாங்கின சொட்டு மருந்தை விட்டு, பனடோல் கொடுத்தேன். நான் கவனிக்காமல் விட்டேன் என்று ஒருவரும் சொல்ல ஏலாது. அவரும், "உந்தத் தலையிடியை விடும், ஆற்றரக்கி இப்ப எங்கை நிக்கிறா?" என்றுதான் கேட்டார்.

தொடர் போன மார்கழியில் முடிந்துவிட்டது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்? அவருக்குத் தெரியாது. பழைய பாகங்களையே திரும்பத் திரும்பப் போடுகிறேன். சத்தம் சீனம்தானே, யார் யாரைத் திட்டினால் என்ன. கதையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆற்றரக்கிக்கு இப்போது ஒரு மகள்கூட இருக்கிறாள். தூர தேசத்தில் இருந்துகொண்டு, வந்தால் அவசரப்படுத்துகிறவள்.

இடது கண் நரம்பு செத்துவிட்டது, இனி அதால் பார்வை இல்லை என்று இன்றைக்கு டொக்டர் சொன்னபோது எனக்குப் பெரிய கவலை. வெளியில் நின்று அழுதேன், வேண்டுமென்றால் கஜனியைக் கேளும். வலது கண்ணை நாளைக்கே செய்தால் காப்பாற்றலாமாம். இவரோ கையெழுத்து வைக்க மாட்டேன் என்று கட்டிலில் அடம்பிடிக்கிறார். கத்தியென்றால் பயம். சாட்டுக்கு, "கதை முடியட்டும், பிறகு பாப்பம்" என்கிறார். அப்படிச் சொல்லச் சொல்லி நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் உள்ளே போய், கதை முடிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்து வைப்பார் என்கிறீர். வைப்பார்தான். இப்போது நான் சொல்வதையெல்லாம் நம்புகிறார். ஆனால் ஆற்றரக்கி நேற்றுத்தானே பனிமலையைக் கடந்தாள். இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. முடியாத கதையை முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது, பிள்ளை? கட்டின மனிசனுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்.