தேவாரத்துச் சுறாக்கூண்டு

தேனி மாவட்டத்தில் கடல் இல்லை. மேற்கே மலை உள்ளது. நடுவே ஆறு உள்ளது. எஞ்சிய இடங்களில் தென்னையும் வாழையும் திராட்சைப் பந்தலும் உள்ளன. ஆகவே இம்மாவட்டத்தில் வெள்ளைச் சுறாவை நேரில் கண்டவர் என ஒருவர் இருப்பாராயின், அவருக்கு மதிப்பு உண்டாவது இயல்பே ஆகும். அம்மதிப்பு எனக்கு நான்கு ஆண்டுகள் இருந்தது.

ஐயா, நான் வாயால் சொன்னால் போதும், தாமே எழுதிக்கொள்வதாக இக்காவல் நிலையத்து ரைட்டர் கூறினார். நான் மறுத்துவிட்டேன். நாற்பத்தொன்றாம் வயதில் எழுத்துக் கற்றவன், தன் வாக்குமூலத்தைப் பிறர் கையெழுத்தில் விடுவது முறையன்று. பக்கங்களுக்கு எண் இட்டுள்ளேன். பிழை இருப்பின் சிவப்பு மையால் சுழித்துக்கொள்ளவும்.

என் பெயர் கருத்தக்கண்ணன். வயது நாற்பத்தாறு. தேவாரத்தில் வெல்டிங் பட்டறை வைத்துள்ளேன். வீட்டுக் கதவு, ஜன்னல் கம்பி, ஆட்டுக்கொட்டில் ஆகியவற்றைச் செய்வதோடு, கிணறு வெட்டும் கிரேன்களையும் பழுது பார்ப்பேன். 2003ஆம் ஆண்டு ஓர் ஏஜென்ட் மூலமாகத் தென்னாப்பிரிக்கா சென்றேன். உடன் வந்தவர் உத்தமபாளையத்து நத்தர்ஷா. வாழைக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்தவர். என்னை விட இரண்டு வயது மூத்தவர். என்னை மாப்ளே என்று அழைப்பார். நான் அவரைப் பாய் என்று அழைப்பேன்.

நாங்கள் வேலை செய்த இடம் ஒரு சிறு துறைமுகம். அங்கே பணம் கட்டி வருகிறவர்களைப் படகில் ஏற்றிச் செல்வார்கள். படகின் பக்கவாட்டில் இரும்புக்கூண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வந்தவர்கள் ரப்பர் உடுப்பு அணிந்து கூண்டுக்குள் இறங்குவார்கள். மீன் தலையும் மீன் எண்ணெயும் இரத்தமும் கலந்த குழம்பைக் கடலில் ஊற்றினால் சுறா வரும். கூண்டுக்குள் இருப்பவர்கள் மூச்சடக்கிக் குனிந்து அதைப் பார்ப்பார்கள். பணம் கொடுத்துத் தன்னைத்தானே கூண்டில் அடைத்துக்கொள்ளும் விலங்கு மனிதன் ஒருவனே என்பதை அங்குக் கற்றேன். கூண்டுகளைப் பற்றவைப்பது என் வேலை. குழம்பு கலக்குவது பாயின் வேலை. கூண்டிலிருந்து மேல்தளத்துக்கு ஒரு கயிறு செல்லும். ஒருமுறை இழுத்தால் ‘தூக்கு’. இருமுறை இழுத்தால் ‘இன்னும் இறக்கு’. இதை நினைவில் கொள்ளவும்.

இங்கு மூன்றாம் பக்கம் தொடங்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்களும் சுறாவைப் பார்க்கட்டும் என்று முதலாளி எங்களைப் படகில் ஏற்றினார். முதலில் இறங்க வேண்டியவன் நான். ரப்பர் உடுப்பை அணிந்துகொண்டேன். அதன்பின் படகு ஆடியது. உண்மையில் படகு ஆடியதா, முழங்கால் ஆடியதா என்பதை இன்றுவரை ஆராய்ந்து வருகிறேன். நான் படகின் கழிப்பறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டேன். இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. அக்கதவின் தாழ்ப்பாளை அதற்கு முந்திய வாரம் சரிசெய்தவன் நானே. அது மிக நன்றாக வேலை செய்தது. வெளியே எல்லோரும் கூச்சலிட்டபோது நான் வாளியைக் கட்டிக்கொண்டு குலதெய்வத்தை அழைத்தேன். அது மலைத் தெய்வம். அதற்கும் கடல் பழக்கமில்லை.

பாய் இறங்கினார். கரைக்கு வரும்வரை என் அருகில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னார். “கண்ணு இருக்கே மாப்ளே, நல்லாப் பழுத்த நாவப்பழம். அதுல கோவமும் இல்ல, பசியும் இல்ல. நம்மளப் பாத்துட்டு, இது எதுக்கு இங்கன வந்து நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டே திரும்பிப் போகுது.” நான் கேட்டுக்கொண்டேன். எழுத்தறியாதவனுக்கு நினைவாற்றல் அதிகம்.

மூன்றாம் பக்கம் முடிந்தது.

2005ஆம் ஆண்டு நான் ஊர் திரும்பினேன். பாய் அங்கேயே இருந்தார். டீக்கடையில் ஒருநாள் அந்த நாவற்பழக் கண்ணைப் பற்றிச் சொன்னேன். யார் கண்டது என்று ஒருவரும் கேட்கவில்லை; ஆகவே நானும் சொல்லவில்லை. மறுநாள், கண்டது நீதானா என்று கேட்டார்கள்; ஆம் என்று சொன்னேன். அவ்வாண்டே பவானி டீச்சர் நடத்திய வளர்கல்வி மையத்தில் சேர்ந்தேன். முதல் கட்டுரையாக ‘நான் கண்ட வெள்ளைச் சுறா’ என்று இரண்டு பக்கம் எழுதினேன். டீச்சர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். கண் கலங்கினார். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் வாக்கியம் பொய் என்பது வருந்தத்தக்கதே. ஆயினும் அதில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

அதன்பின் பள்ளிகளுக்கு அழைத்தார்கள். பொட்டிப்புரம், அல்லிநகரம் வரை சென்று உரையாற்றினேன். ஊரில் என்னைச் சொறாக்காரர் என்றார்கள். பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டதும் இருக்கையிலிருந்து எழுந்தார்கள். இருக்கை என்னுடையது, இருந்தாலும் எழுந்தார்கள்.

2008ஆம் ஆண்டு இறுதியில் பாய் ஊர் திரும்பினார்.

அவர் என்னை மிரட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தின் பின்னால் நின்று கண் சிமிட்டுவார். அவ்வளவுதான். தனியே இருக்கும்போது மட்டும் சிரித்துக்கொண்டே கேட்பார்:

“ஏலே மாப்ளே, கக்கூசுக்குள்ள வந்த சொறாவுக்கு எத்தன வரிசப் பல்லுடா?”

“பாய், சத்தமாப் பேசாதீக.”

“நான் யாருகிட்டடா சொல்லப்போறேன்? லத்திபாகிட்டக்கூடச் சொல்லல.”

லத்திபா அவர் மனைவி. அவரிடம்கூடச் சொல்லவில்லை என்பதை நான் நம்பினேன். ஆனால் ஒருவர் சொல்லாமல் இருப்பது அவர் கையில் உள்ளது. என் கையில் இல்லை. ஒவ்வொரு கண்சிமிட்டலுக்கும் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2009 ஜனவரியில் டீச்சர் ஒரு யோசனை கூறினார். குடியரசு தினத்தன்று, ஊருக்கு வெளியே தென்னந்தோப்பில் உள்ள பெரிய கிணற்றில், சுறாக்கூண்டு எவ்வாறு இறக்கப்படுகிறது என்பதை மாணவர்களுக்கு நான் செய்து காட்ட வேண்டும். மழை முடிந்து கிணறு நிறைந்திருந்தது. டீச்சரிடம் முடியாது என்று சொல்லும் சொல்லை நான் இன்னும் கற்கவில்லை. கூண்டு செய்யத் தொடங்கினேன்.

செய்தி கேட்டுப் பாய் பட்டறைக்கு வந்தார். கூண்டைச் சுற்றிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

“நீ மைக்கப் புடி மாப்ளே. நான் கூண்டுல எறங்குறேன். ஒனக்குத் தண்ணியக் கண்டாலே வயித்தக் கலக்கும். அப்புறம் தோப்புல கக்கூசுக்கு எங்க போவ?” சிறிது தூரம் சென்றவர் திரும்பினார். “ஆனா ஒண்ணு. முடிஞ்சதும் மேடையில நானும் ரெண்டு வார்த்த பேசுவேன்.”

அந்த இரண்டு வார்த்தை எவை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று எண்ணினேன்.

இப்பொழுது கிணற்று வழக்கம் ஒன்றைக் கூற வேண்டும். கிணறு வெட்டும் கிரேன் ஓட்டுகிறவர் எஞ்சின் பக்கத்தில் அமர்ந்திருப்பார். அவருக்குக் கிணற்றுக்குள் தெரியாது. ஆகவே உள்ளே இருப்பவர் ஒரு கயிற்றை இழுத்து, எஞ்சின் அருகே கட்டிய மணியை அடிப்பார். நம் பக்கத்தில் ஒற்றை மணி என்றால் ‘இறக்கு’; இரட்டை மணி என்றால் ‘தூக்கு’. புதிதாக இறங்குகிறவருக்கு இந்த மணிக்கணக்கைச் சொல்லி அனுப்ப வேண்டியவர் கிணற்று மேட்டில் நிற்கும் மேஸ்திரி. இது இப்பள்ளத்தாக்கில் சிறு பிள்ளைக்கும் தெரியும். வாழைக்காய் வியாபாரிக்குத் தெரியாது. அவர் கிரேன் கட்டிய கிணற்றில் இறங்கியவர் அல்லர். அவர் அறிந்தது படகின் கணக்கு. அதாவது இதற்கு நேர் எதிரானது.

இரு கணக்கும் அறிந்தவர் அவ்விடத்தில் ஒருவரே. அவர் மேஸ்திரியாக நின்றார். அவர் நான்.

விழா நன்றாக நடந்தது. கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். பாய் தம் சட்டையைக் கழற்றி மடித்து லத்திபாவிடம் கொடுத்துவிட்டு, தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ரப்பர் உடுப்பில் வந்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். கிரேன் ஓட்டியவர் ராக்கையா. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். கூண்டில் தண்ணீர் மார்பளவு ஏறியதும் நிறுத்துவது என்பது ஏற்பாடு. அப்படியே நிறுத்தினார். பாய் மூச்சடக்கி உள்ளே குனிந்து நிமிர்ந்தார், கையசைத்தார். பிறகு மேலே வருவதற்காகக் கயிற்றை ஒருமுறை இழுத்தார்.

ராக்கையா இறக்கினார்.

அப்போது நான் ஒலிபெருக்கியில் சுறாவின் கண்ணை வருணித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மணி அடித்தது, அதுவும் ஒற்றை மணியே. மூன்றாவது மணி அடித்தது. ராக்கையா என்னை நோக்கிக் கேட்டார்:

“என்னண்ணே, பாய் இன்னும் எறக்கச் சொல்றாக? தண்ணி தலைக்கு மேல போயிருக்குமே.”

“அவுக கடல்ல பழகுனவுக. சொல்றபடி செய்யி ராக்கையா.”

இதை ஒலிபெருக்கியிலேயே சொன்னேன். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. நாவற்பழத்துக்கு நான் கூடுதலாக இரண்டு உவமைகள் சேர்த்தேன். மணி தாறுமாறாக அடிக்கத் தொடங்கிய பின்னர், ராக்கையா தம் விருப்பத்திலேயே தூக்கினார்; அதற்குள் பாய் இறந்திருந்தார். நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை; தூக்கச் சொல்லவும் இல்லை. இதை நீதிமன்றம் என் பக்கம் உள்ள நியாயமாகக் கருதலாம்.

கூண்டின் கதவை அவர் ஏன் திறக்கவில்லை என்று அப்போதைய ஆய்வாளர் கேட்டார். கொக்கி வெளிப்பக்கம் இருந்தது. ஆட்டுக்கொட்டிலுக்கு அப்படி வைப்பதே வழக்கம், கை பழக்கத்தில் வைத்துவிட்டேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அது முழுமையான விடை அன்று. எனக்காகச் செய்த கூண்டில் கொக்கி உட்பக்கமே இருந்தது. பாய் தாம் இறங்குவதாகச் சொல்லிச் சென்ற மறுநாள், அதை அறுத்தெடுத்து வெளிப்பக்கம் பற்றவைத்தேன். நல்ல வேலை. பழைய தழும்பு தெரியாதபடி அரத்தால் ராவிப் பச்சை வர்ணமும் பூசினேன். கூண்டு உங்கள் நிலையத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் கிடக்கிறது, சுரண்டிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கூண்டுக்குள் ஏறும்போது பாய் கயிற்றைக் கையில் எடுத்துக் கேட்டார்: “கடல்ல மாதிரித்தான மாப்ளே?”

“கடல்ல மாதிரித்தான் பாய்” என்றேன்.

விபத்து என்று முடிவாயிற்று. கவனக்குறைவு என்று ராக்கையா மீது வழக்கு உள்ளது. அவர் இப்போது கிரேனைத் தொடுவதில்லை. அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நானே. அழகான கையெழுத்து, அலுவலகத்தில் இருந்தவர்கள் பாராட்டினார்கள்.

இவ்வாறே காலம் சென்றிருக்கும். சென்ற வெள்ளிக்கிழமை லத்திபா பட்டறைக்கு வந்தார். அன்று மடித்து வைத்த சட்டையை இவ்வளவு நாளும் அவர் பிரிக்கவில்லை. பிரித்தபோது பையில் ஒரு தாள் இருந்ததாம்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுல்லண்ணே. வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல. நீங்கதான் அவுகளோட அங்கன இருந்தவுக. படிச்சுச் சொல்லுங்க.”

பாயின் கையெழுத்து அது. மேடையில் பேசுவதற்காக எழுதியது. நான் அதை உரக்கப் படித்தேன்:

“எல்லாருக்கும் வணக்கம். கருத்தக்கண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். கூண்டில் முதலில் இறங்கினது அவன்தான். பயந்து கிடந்த எனக்குத் தைரியம் சொல்லி இறக்கிவிட்டதும் அவன்தான். அவனை யாரும் கேலி பண்ண வேண்டாம்.”

ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் படித்தேன். டீச்சர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். லத்திபா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவுகளுக்கு ஒங்க மேல அம்புட்டுப் பிரியம்ணே” என்றார். ஆமாம் என்றேன். அவர் சென்றபின் பட்டறையைப் பூட்டினேன். ஐந்து நாள் திறக்கவில்லை. ஆறாம் நாள் இங்கு வந்தேன்.

ஆகவே, நத்தர்ஷாவைத் திட்டமிட்டுக் கொன்றவன் நானே என்று ஒப்புக்கொள்கிறேன். ராக்கையா குற்றமற்றவர். தண்டனை எதுவாயினும் ஏற்பேன். வேண்டுகோள் ஒன்று மட்டும் உண்டு. வழக்கு மன்றத்துக்குச் செல்லும்போது பவானி டீச்சரும் மாணவர்களும் வந்திருப்பார்கள். அப்போது மூன்றாம் பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டாம். பாய் எழுதிய தாளை லத்திபாவிடம் கேட்டு வாங்கி இத்துடன் இணைத்துள்ளேன். மூன்றாம் பக்கத்துக்கும் அத்தாளுக்கும் முரண்பாடு தோன்றுமாயின், அத்தாளையே மெய்யெனக் கொள்ளவும். நத்தர்ஷா பொய் சொல்லாதவர் என்பதை இப்பள்ளத்தாக்கில் எவரும் அறிவர்.