கயிறு மறைத்த புள்ளி

விழாத் தலைவர் திரு. ஹார்லன் ஸ்ட்ரவுட் அவர்களே, வண்டிகளை வெயிலில் நிறுத்திவிட்டு இந்தக் கூடத்தை எங்களுக்குத் தந்த பார்லி கிரீக் தீயணைப்புத் தொண்டர்களே, ஊர்ப் பெரியோர்களே, காலையிலிருந்து ஸ்பெகட்டி வேகவைத்த அன்னையரே, அதை இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்ட அன்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பேசத் தெரியாத ஒருத்தி பேச வந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். மாட்டேன் என்று சொல்லவும் தெரியாததால் வந்துவிட்டேன். என் பெயர் டெல்லா ப்ரூனிங். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். கடன் வாங்கிக் கற்றேன், காபி ஊற்றிக் கற்றேன், கண் எரியக் கற்றேன். அந்தக் கதையை இளையோருக்கு ஊக்கமாகச் சொல்லச் சொன்னார்கள். ஊக்கம் எங்கே வருகிறது என்று தெரியவில்லை. வரும்போது நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசையில் கேட்கவில்லையா? சரி, ஒலிவாங்கியை நெருங்கி நிற்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில், இன்று விழா நடத்தும் இந்த ஊர்ச் சங்கம் எனக்கு உதவித்தொகை வழங்கியது. ஒரு கதவு அளவுக்கு அட்டையில் செய்த காசோலை. அதில் பெரிய எண்களில் ஐந்நூறு டாலர். ஐந்து, இரண்டு சுழியம், ஒரு புள்ளி, சென்ட்டுக்கு இன்னும் இரண்டு சுழியம். தொகையை எழுத்தால் எழுதும் வரியில் ‘வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஐந்நூறு டாலரில் முதல் பருவத்துப் புத்தகங்கள் வாங்கினேன். அதற்கு நான் இன்றும் நன்றியுடையவள். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஆனால் அந்த அட்டை அம்மாவின் காருக்குள் நுழையவில்லை. கூரைமேல் வைத்துக் கட்டினோம். கட்டிய கயிறு எங்கே விழுந்தது? புள்ளியின்மேல் விழுந்தது. எந்தப் புள்ளி? ஐந்நூறை ஐந்நூறாகவே வைத்திருந்த அந்த ஒரே புள்ளி. ஐந்நூறு என்று மேடையேறியது, ஐம்பதாயிரம் என்று கடைத்தெருவில் போனது. அம்மா மெதுவாகத்தான் ஓட்டுவார். ஊரே நின்று படித்தது.

சங்கத்தாருக்கு உண்மை தெரியுமே என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் ஐம்பதாயிரம் கொடுத்தவர்கள் என்று ஊர் கைகுலுக்கும்போது கையை இழுத்துக்கொள்வது மரியாதை ஆகாது. சிரிக்காதீர்கள் தலைவரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

வாரக் கடைசியில் டோரீன் அக்காவின் உணவகத்தில் பரிமாறினேன். எங்கள் தொழிலில் சம்பளம் என்பது பெயருக்கு. மேசையில் வைத்துப் போகும் டிப்ஸ்தான் சோறு. டோரீன் அக்கா பாசக்காரர். காரும் கயிறும் அட்டையும் நானுமாக எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். அன்றிலிருந்து என்ன நடந்தது தெரியுமா?

ரயில்வேயில் ஓய்வுபெற்ற மெர்ல் ஐயா வருவார். முட்டை சாப்பிடுவார். இரண்டு டாலர் வைப்பார். படத்தைப் பார்ப்பார். ஒரு டாலரைத் திரும்ப எடுப்பார்.

“ஒனக்கு எதுக்கும்மா இது? ஊரே ஒன்னைப் படிக்க வைக்குதே.”

“இல்லீங்க ஐயா, அது வந்து...”

“ஓசிப் படிப்புக்காரி! இங்க காபி தீந்துபோச்சு பாரு!” என்று அடுத்த மேசை கூப்பிடும்.

நான் போவேன். ஊற்றுவேன். நான்கு ஆண்டுகள் அந்த ‘அது வந்து’வை முடிக்க எனக்கு வாய்க்கவே இல்லை.

மெர்ல் ஐயா, எழுந்து போகாதீர்கள். நீங்கள் மிச்சம் வைத்த ஒரு டாலரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் இரண்டையும் எடுத்தார்கள்.

கட்டணத்துக்குக் கடன் வாங்கினேன். கடன் போதாமல் இன்னொரு கடன். ஒவ்வொரு பருவமும் கையெழுத்துப் போடும் முன், வட்டி புரிந்ததா என்று கணினி ஒரு தேர்வு வைக்கும். அதில் எப்போதும் முழு மதிப்பெண்தான் வாங்கினேன். கூட்டுவட்டியை நான் வகுப்பில் படித்தபோது, அது என்னை முன்பே படித்து முடித்திருந்தது.

இரண்டாம் ஆண்டு, வெள்ளிக்கிழமைக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்றார்கள். அம்மா முதியோர் இல்லத்துச் சலவையறையில் வேலை செய்பவர். தொலைபேசியில் கேட்டார்:

“ஏன்டி, வேலை செய்யற எடத்துல எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. மீதிப் பணத்தை எல்லாம் என்ன பண்ணினோம்னு.”

“நீ என்னம்மா சொன்ன?”

“பேங்குல பத்திரமா இருக்குன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல? இத்தனை வருசத்துல மொத தடவையா என்னைப் பணக்காரின்னு நெனைக்கறாங்க. ஒரு வாரம் இருந்துட்டுப் போறேனே.”

அன்று நான் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு வேலைக்குப் போனேன். கல்லூரி ரொட்டிக்கூடத்தில் இன்னொரு வேலை பிடித்தேன். வெள்ளிக்கிழமை கட்டினேன். படித்தேன். பட்டம் வாங்கினேன். கடன் இருக்கிறது, நவம்பரில் தவணை தொடங்குகிறது. அதை நான் பார்த்துக்கொள்வேன். அதைக் கேட்க நான் இங்கே வரவில்லை.

இன்று இந்த உதவித்தொகை கோரின் ஹேஸ்லட்டுக்கு. எழுந்து நில், கோரின். வெட்கப்படாதே, நானும்தான் நிற்கிறேன். இவளும் கடன் வாங்கித்தான் படிக்கப் போகிறாள். திங்கள்கிழமை முதல் டோரீன் அக்காவின் உணவகத்தில் பரிமாறப் போகிறாள். நான் நின்ற அதே மேசைகள். அந்த மேசைகள் கொடுத்தால் இவள் கல்லூரியில் இருப்பாள். கொடுக்காவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்துவிடுவாள்.

கொடுத்த கைகளுக்கு நன்றி. சமைத்த கைகளுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும் என் வணக்கம்.

கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசிவரை வைத்திருந்த ஒரு வேண்டுகோள் உண்டு. திரைக்குப் பின்னால் இவளுக்கான அட்டையைப் பார்த்தேன். அதே அளவு. வெளியே இவள் அப்பாவின் காரையும் பார்த்தேன். சின்னக் கார்.

கயிற்றை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள். புள்ளி தெரியட்டும்.