கழற்றிய அட்டைகள்

— 1996 செப்ரெம்பர் பதினாலு, கொட்டாஞ்சேனை, மஜீட் புக் பைண்டிங். வொலியூம் பதினொண்டு, கறுப்புத் துணி, முதுகுல பொன் எழுத்து. வேல முடிஞ்சிச்சி. ஐயா, நீங்களும் ஒருக்கா எண்ணிப் பாருங்க.

— எண்ணத் தேவையில்லை மஜீட் நானா, இஞ்ச நிண்டே தெரியுது. கனகேஸ், பார். முப்பத்திரண்டு வருசமாக் கட்டிலுக்குக் கீழ கிடந்த சாமான் கோட்டில நீதவானுக்கு முன்னால வைக்கிற புத்தகம் மாதிரி நிக்குது.

— கோட்டுக்குப் போகாமல் தப்பினதே பெரிய காரியம். வெளியில ஓட்டோக்காரன் நிக்கிறான். அவனும் வெள்ளவத்தைக்குத் திரும்ப வேணும். பாத்தது போதும், தூக்குங்கோ.

— இரிங்க அம்மா, பிளேன்டி வருது. எனக்கு ஒரு கேள்வி ஈக்கி. ஒண்டர மாசமா இந்தப் படங்களப் பாத்துப் பாத்துத்தான் தைச்சன். கூரையில்ல, கதவில்ல, தரையோட ஒட்டின ஒரு குட்டிக் காரு. இதுக்கு என்னத்துக்கு ஐயா இவ்வளவு பொத்தகம்?

— கார் இல்லை நானா, கார்ட். ஐம்பத்தாறாம் ஆண்டு கலிபோர்னியாவில ஒருத்தர் புல்லு வெட்டுற மெசினின்ர என்ஜினைக் குழாய்ச் சட்டம் ஒண்டில பூட்டி ஓடிப் பாத்தார். நாலு வருசம் போகேல்லை, அதுக்கெண்டு மாதப் பத்திரிகை வந்திட்டுது. அமெரிக்க விமானப்படைக்காரர் இங்கிலாந்தில இருந்த தங்கட முகாம்களுக்கு அந்த வண்டிலைக் கொண்டு போச்சினம். அங்கையும் பத்திரிகை தொடங்கிச்சுது.

— நானா, ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. இந்த மனுசனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. கார்ட் எண்ட சாமானை ஒரு நாளும் கண்ணால கண்டதும் இல்லை.

— மெய்யா ஐயா?

— மெய்தான். நான் ஷிப்பிங் கொம்பனியில கிளாக்காக இருந்தனான். அறுபத்துநாலில ஒரு கப்பல் என்ஜினியர் கபினில அந்த இங்கிலாந்துப் பத்திரிகையின்ர மூண்டு இதழை விட்டிட்டுப் போனார். எறியக் குடுத்ததை நான் வாசிச்சன். பிறகு வாற கப்பல் எல்லாத்திலையும் கேட்டு வைச்சு, மருதானைப் பழைய புத்தகக் கடையளிலையும் தேடி, இருபத்திரண்டு வருச இதழை ஒரு மாதம்கூட விடாமல் சேத்துப்போட்டன். இருநூற்று அறுபத்துநாலு.

— வாசிக்கிறதுக்கு அதுல அப்பிடி என்ன ஈக்கி?

— எழுதினவை ஒருத்தரும் எழுத்தாளர் இல்லை நானா. அதுதான் விசேசம். ஒரு கராஜ்காரன், பகல் முழுக்க வேலை செய்துபோட்டு, குழாயை எப்பிடி வளைக்கிறதெண்டு எழுதுறான். எங்க சூடாக்கவேணும், எந்த இடத்தில கை வைக்கக்கூடாது. அதை வாசிச்சால் என்ர விரல் சுடும். பத்திரிகை தொடங்க முதல் கிளப் கிளப்பா ரோனியோ மெசினில அடிச்சு ஊசி குத்தின எட்டுப் பக்கத் தாளுகள். ஒண்டில ஒரு தாய் ரேஸ் முடிவெல்லாம் எழுதுவா. முதலாவதா வந்தவனுக்கு எவ்வளவு இடமோ, முப்பத்தோராவதா வந்தவனுக்கும் அவ்வளவு இடம். ஒருத்தன்ர பேரிலையும் பிழை விடேல்லை. எந்த நாட்டுப் பேப்பரில நானா கடைசியா வந்தவன்ர பேரைப் போடுவாங்கள்?

— அது சரி. அது பெரிய மனசு.

— அந்தப் பெரிய மனசாலதான் போன ஜூலை எங்களுக்கு உயிர் போகப் பாத்தது. தெஹிவளை ரயில் குண்டு வெடிச்சு ரெண்டாம் நாள் லேன் முழுக்கச் செக்கிங். ஆமிக்காரன் கட்டிலுக்குக் கீழ இருந்த பெட்டியை இழுத்தான். குழாய், சங்கிலி, பெற்றோலுக்கு எத்தினை பங்கு எண்ணெய் கலக்கிறது, எல்லாம் படத்தோட. ஆறு மணித்தியாலம் இவரை ஸ்டேசனில இருத்தி வைச்சினம். நான் வாசலில நிண்டு ஊரில இருக்கிற கோயில் எல்லாத்துக்கும் நேந்தன்.

— அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன். முதல் ரெண்டு மணித்தியாலம் மேசையில தட்டினார். பிறகு, பிரேக் நாலு சில்லுக்குமோ பின்சில்லுக்கு மட்டுமோ எண்டு கேட்டார்.

— நீங்கள் என்ன செய்தனீங்கள்? வரைஞ்சு காட்டினீங்கள்! என்ர ஐயோ, பொலிஸ் ஸ்டேசனுக்குள்ள இருந்து என்ஜின் படம் கீறின முதல் யாழ்ப்பாணத்தான் நீங்களாத்தான் இருப்பியள்.

— அதாலதான் நான் அண்டைக்கே செல்லிட்டன் அம்மா. லூஸ் தாள் எண்டா உதறுவானுகள். பெட்டி எண்டா கொட்டுவானுகள். பொன் எழுத்துப் போட்ட பொத்தகம் அலுமாரியில வரிசையா ஈந்தா, ஆரும் தொட மாட்டான். வக்கீல் வீடோ டொக்டர் வீடோ எண்டு நெனைச்சிட்டுப் போயிடுவான்.

— அப்ப முதுகில லோ ரிப்போர்ட்ஸ் எண்டு போடுங்கோ எண்டு நான் சொன்னனான். இவர் கேட்டாத்தானே.

— பொய்த் தலைப்புப் போட்ட புத்தகத்தை நான் வீட்டில வைக்கமாட்டன். அதை விடு. நானா, உங்களிட்டைச் சொல்லவேண்டிய சங்கதி இருக்கு. வியாழக்கிழமை எனக்கு இங்கிலாந்தில இருந்து கடிதம் வந்தது.

— மகன்ட்ட இருந்தா?

— இல்லை, ஒரு மோட்டார் நூலகத்தில இருந்து. பதினாறு வருசமா நான் ஒண்டு எழுதினனான். கார்ட் ரேஸைப் பற்றி வந்த பத்திரிகை, புத்தகம் எல்லாத்தின்ரையும் வரலாறு. எது எப்ப தொடங்கினது, ஆர் எழுதினது, எப்ப நிண்டது. அதை அவை அச்சிடப் போகினம். ஒரு வெள்ளவத்தைக்காரன் எழுதினதை. இந்த மாதிரி ஒண்டு உலகத்தில வேற ஒருத்தரும் செய்யேல்லையாம்.

— மாஷா அல்லாஹ்! ஐயா, இத மொதல்ல செல்லோணும். அம்மா, ஒங்கட ஐயா பெரிய ஆள்.

— நாலு தரம் வாசிச்சுக் காட்டிப்போட்டார். மூண்டாம் தரம் எனக்கும் கண் கலங்கினதுதான். இல்லையெண்டு சொல்லமாட்டன்.

— ஒரேயொரு நிபந்தனை போட்டிருக்கினம். அந்தப் பத்திரிகையின்ர பேர் மூண்டு தரம் மாறினது. உள் பக்கத்தில பேரும் இல்லை, வருசமும் இல்லை, மாதம் மட்டும்தான் இருக்கு. பேர், வருசம், ஆசிரியர், விலை எல்லாம் அட்டையில. அதால ஒவ்வொரு அட்டைக்கும் போட்டோ கொப்பி கேக்கினம். மாதம் முடிய முதல் போய்ச் சேர வேணும். அது இல்லாமல் அச்சிடமாட்டினம்.

— அவங்கட லைபிரரியில அட்டை இல்லியா?

— ஒண்டும் இல்லை. அங்க மட்டுமில்லை, பத்திரிகை நடத்தின கொம்பனியிட்டையும் இல்லையாம். பைண்டர்மார் கட்டேக்க எல்லாத்தையும் கழட்டிப் போட்டினமாம். வெள்ளைக்காரன்ர வேலையைப் பாருங்கோ. இப்ப முழு அட்டையும் இருக்கிறது என்னட்டை மட்டும்தானாம். முதலாம் வொலியூமை எடுங்கோ, காட்டுறன்.

— ஐயா, பிளேன்டி ஆறுது. மொதல்ல குடிங்க.

— ஒரு நிமிசம்.

— ஐயா, தொறக்காதீங்க.

— ஏன், பசை காயேல்லையோ? ... நானா. இது நேரா மூண்டாம் பக்கத்தில தொடங்குது.

— ஓம்.

— இரண்டாம் இதழ்? இதிலையும் இல்லை. இதில... நானா, அட்டை எங்க?

— கழட்டிட்டன் ஐயா. மொழுமொழுப்பு அட்டை தையல் புடிக்கா, நூல வெட்டிடும். எங்கட வாப்பா, அவங்கட வாப்பா, எல்லாரும் அட்டயக் கழட்டிட்டுத்தான் கட்டினாங்க. வெச்சிக் கட்டுங்க எண்டு நீங்க செல்லல்ல, நானும் கேக்கல்ல.

— இருநூற்று அறுபத்துநாலையுமோ?

— அல்லா மேல ஆணையா, ஒண்டயும் வீசல்ல. அப்பிடி வீச எனக்கு மனசு வரல்ல. அவ்வளவு வடிவான படம்.

— அப்ப இருக்குது! கனகேஸ், கேட்டியோ, இருக்குது! எங்க நானா? மேலயோ? நான் ஏறி எடுக்கிறன்.

— மேல இல்ல. ஓகஸ்ட் மாசம் பைண்டிங் மட்டை கெடைக்கல்ல ஐயா. கெடைச்சதும் கடதாசி மாதிரி மெலிசு. அதால ரெண்டு மட்டைக்கு நடுவுல ஒவ்வொரு அட்டயா வெச்சி ஒட்டிட்டன். வேற ஒரு ஆர்டருக்கு. நூத்தி முப்பத்திரெண்டு ரெஜிஸ்டர். மேல் மட்டைக்கு ஒண்டு, கீழ் மட்டைக்கு ஒண்டு.

— பசை என்ன பசை?

— கோதுமமாப் பசைதான். சுடுதண்ணியில ஊறப் போட்டா முழுசாக் கழண்டு வரும்.

— பிறகென்ன? வாங்கினவையிட்டைக் கேப்பம். நூற்று முப்பத்திரண்டையும் திரும்ப எடுங்கோ, புது மட்டை நான் தேடித் தாறன். எந்தக் கந்தோருக்குப் போனது?

— அங்க கேக்க ஏலா ஐயா.

— ஏன் ஏலாது? நான் எழுதுறன். இங்கிலீசில எழுதினால் ஒருத்தரும் மறுக்கமாட்டினம்.

— நானா, மெண்டு விழுங்காமல் சொல்லுங்கோ. எங்க போனது?

— பொலிசுக்கு அம்மா. கொழும்பு ஸ்டேசன் எல்லாத்துக்கும். வீடு வீடாத் தமிழாக்களப் பதியிற ரெஜிஸ்டர்.

— அதுக்குள்ளயோ என்ர அட்டையள்?

— கொண்டராத்துக்காரன் தந்த வேல. என்னத்துக்கு எண்டு அவன் செல்லல்ல. கோடு போட்ட தாளக் கண்ட பொறகுதான் எனக்கு வெளங்கினது. ஐயா, என்னப் பாருங்க. ஏதாவது ஏசுங்க.

— உங்களை ஏன் ஏசுறன்? நல்லாத்தான் கட்டியிருக்கிறியள். தையல் பிசகேல்லை.

— ஸ்டேசனுக்குப் போய் அந்த இன்ஸ்பெக்டரைக் கேப்பம் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. பிரேக்கைக் கேட்டவர் எண்டு போனியளெண்டால் இந்த முறை திரும்பி வரமாட்டியள்.

— போகமாட்டன். பதிவுப் புத்தகத்தின்ர மட்டையைக் கிழிச்சுத் தாங்கோ எண்டு ஒரு தமிழன் போய்ப் பொலிசிட்டைக் கேக்கேலாது. நாளைக்கு அந்த நூலகத்துக்கு எழுதுறன், அட்டை அனுப்ப வழியில்லை எண்டு. அந்தளவுதான். புத்தகம் அச்சேறாது.

— நீங்கள் அட்டை அட்டையாப் பாத்து எழுதி வைச்ச குறிப்புகள் இருக்குத்தானே? அதை அனுப்புங்கோவன்.

— குறிப்பை ஆர் நம்புவினம்? நானெண்டாலும் நம்பமாட்டன். பதினாறு வருசமாக் கண்ணால பாக்காததை நான் ஒரு வரிகூட எழுதினதில்லை. நானா, ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. ஒண்டாம் இதழின்ர அட்டை, சிவப்பு, ஒருத்தன் தொப்பியோட குனிஞ்சு கார்ட்டை வளைக்கிறான். அது எதுக்குள்ள போச்சுதெண்டு ஞாபகம் இருக்கோ?

— அது மறக்குமா ஐயா? அதத்தான் மொதலாவதா ஒட்டினன். வடிவான படம், நல்ல எடத்துல ஈக்கட்டும் எண்டு மேல் மட்டைக்கு வெச்சன். ஒங்கட பக்கத்து ஸ்டேசனுக்குப் போன மொதல் ரெஜிஸ்டர்.

— கறுப்புப் புத்தகம், நாலு மூலைக்கும் பச்சைத் துணி?

— ஓம் அம்மா. அந்த ஒண்டுக்குத்தான் பச்ச. மத்ததெல்லாம் சிவப்பு. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— செவ்வாய்க்கிழமை எங்கட வீட்டு நாலு பேரையும் அதிலதான் பதிஞ்சவை. அவங்கள் எழுதி முடியுமட்டும் இவர் அந்த மேல் மட்டையிலதான் கையை ஊண்டிக்கொண்டு நிண்டவர்.