சனிக்கிழமைப் பல்

சங்கிலியம்மாள்: ...அதில்லடி முத்துப்பேச்சி. சின்னமனூர்ல இருந்து குச்சனூர் சனீஸ்வரனுக்கு விளக்குப் போடப் போறவ, எதுக்குத் தேனி பஸ்ல ஏறுற?

முத்துப்பேச்சி: நானா? கூட்டத்துல... தெரியாம ஏறியிருப்பேன் மதினி.

சங்கிலியம்மாள்: ரெண்டு சனிக்கிழமையுமா?

முத்துப்பேச்சி: இருங்க மதினி, இந்தத் துணியப் பிழிஞ்சுக்கிறேன்.

சங்கிலியம்மாள்: பிழிஞ்ச துணியவே எத்தன தடவ பிழிவ? கிழிஞ்சிரப் போகுது. கொடியில போடு. போட்டுக்கிட்டே சொல்லு.

முத்துப்பேச்சி: சொல்றதுக்கு என்ன இருக்கு? தன்ஷிகாவுக்கு ஏழரை நடக்குதுன்னு ஜோசியரு சொன்னாரு. அதான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு...

சங்கிலியம்மாள்: எட்டு வயசுப் பிள்ளைக்கு ஏழரை. சரி, இருக்கட்டும். எள்ளு விளக்குப் போட்டா உதடு வீங்குமா?

முத்துப்பேச்சி: எந்த உதடு?

சங்கிலியம்மாள்: உம் மக மேலுதடுதான். பஸ்ஸ விட்டு எறங்குறப்ப இட்லி கணக்கா இருந்துச்சு. "காக்காய்க்குச் சோறு வச்சியா தாயி"ன்னு கேட்டா, பதிலக் காணோம், எச்சிதான் வடியுது.

முத்துப்பேச்சி: அது... குளவி கொட்டிருச்சு மதினி.

சங்கிலியம்மாள்: கோயில்லயா?

முத்துப்பேச்சி: கோயில்லதான்.

சங்கிலியம்மாள்: அடப்பாவமே. சனீஸ்வரன் காக்காய வித்துட்டுக் குளவி வாங்கிட்டாரு போல.

முத்துப்பேச்சி: உங்க வாய் இருக்கே மதினி...

சங்கிலியம்மாள்: என் வாய விடு, உம் மக வாயச் சொல்லு. ரெண்டு வாரமா அந்தப் பிள்ளை உதட்டத் தொறந்து சிரிக்கல. கல்யாணப் பொண்ணு கணக்கா இறுக்கி மூடிக்கிட்டுத் திரியுது.

முத்துப்பேச்சி: மெல்லப் பேசுங்க. உங்க தம்பி உள்ளதான் இருக்காக.

சங்கிலியம்மாள்: உம் புருசன் விஜய்பாண்டியா? காலையிலயே வாழத்தாரு ஏத்தப் போயிருச்சே. நான் பாக்காமத் தெருவ விட்டு யாரு போவா? ...சரி, அந்தத் தேனி டாக்டரம்மா கைராசி எப்படி?

முத்துப்பேச்சி: எந்த... உங்களுக்கு யாரு சொன்னா?

சங்கிலியம்மாள்: எதுத்தாப்புல பாத்திரக்கடையில நின்னேன். நீ பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் பல்லாஸ்பத்திரிப் படியேறுன.

முத்துப்பேச்சி: பாத்துட்டுத்தான் இம்புட்டு நேரம் கேட்டீகளா!

சங்கிலியம்மாள்: நீ என்ன கத சொல்றன்னு பாக்க ஆசையா இருந்துச்சு. குளவி நல்லா இருந்துச்சுடி.

முத்துப்பேச்சி: சிரிக்காதீக மதினி. பள்ளிக்கூடத்துச் சறுக்குல விழுந்து முன்பல்லு பாதி ஒடஞ்சுபோச்சு. நடுவுல ரத்தப்பொட்டு தெரிஞ்சுச்சு...

சங்கிலியம்மாள்: அது தெருவுக்கே தெரியும். போடியில இருக்க உன் நாத்தனா புருசன் சுருளிராஜன், பிடுங்கிப் போடுங்கன்னு போன்ல சத்தம் போட்டதும் தெரியும்.

முத்துப்பேச்சி: அதுவுமா கேட்டுச்சு?

சங்கிலியம்மாள்: ஸ்பீக்கர்ல போட்டாக. ஊருக்குத்தான் பேசுறாகன்னு நெனச்சேன்.

முத்துப்பேச்சி: அந்த அண்ணே மருந்துக்கடை வச்சாலும் வச்சாக, டாக்டருக்கே டாக்டராயிட்டாக. "அது பால் பல்லு, பிடுங்குனா மொளச்சிரும், நரம்புல கைய வச்சா மூளைக்கு ஏறிரும்"னு சொல்லி வச்சிருக்காக. இவுகளும் தலைய ஆட்டிட்டாக. நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை போடியில பிடுங்கப் போறாகளாம்.

சங்கிலியம்மாள்: அது பால் பல்லு இல்லையா?

முத்துப்பேச்சி: பால் பல்லு போன வருசமே விழுந்துருச்சு மதினி. சாணியில உருட்டிக் கூரையில எறிஞ்சதே இவுகதான்! கேட்டா, "நான் எறிஞ்சது கீழ்ப்பல்லு"ங்கிறாக. இது போனா போனதுதான்னு டாக்டரம்மா சொன்னாக.

சங்கிலியம்மாள்: அப்ப இந்த ரூட் கேனாலுங்கிறாகளே, அதையா பண்ணுன? இத்தனூண்டு பிள்ளைக்கா?

முத்துப்பேச்சி: அதுவும் இல்ல. பல்லு வெளிய வந்துட்டாலும் வேரு இன்னும் வளந்து முடியலையாம். எக்ஸ்ரேல காட்டுனாக, அடியில குழாய் மாதிரி தொறந்து கெடக்கு. இப்ப நரம்ப முழுசா எடுத்துட்டா வேரு அப்படியே நின்னுபோகுமாம். சுவரு மெல்லிசா இருக்கும், ஒரு நாளைக்கு முறுக்கக் கடிச்சாக்கூட ஒடஞ்சிரும்னாக.

சங்கிலியம்மாள்: அப்புறம்?

முத்துப்பேச்சி: மேல கெட்டுப்போனத மட்டும் கிள்ளிட்டு, உசுரோட இருக்கதுக்கு மேல சிமெண்டு மாதிரி ஒரு மருந்த வச்சு மூடிட்டாக. உள்ள உசுரு இருந்தா வேர அதுவே வளத்துக்கிருமாம்.

சங்கிலியம்மாள்: வாழக்கன்ன மேல சீவி விட்டா உள்ளருந்து குருத்து ஏறுமே, அது மாதிரியா?

முத்துப்பேச்சி: அது மாதிரின்னு வச்சுக்கங்க.

சங்கிலியம்மாள்: பிள்ளை அழுதுச்சா?

முத்துப்பேச்சி: மரத்துப்போற ஊசி போட்டாக. அதான் அந்த இட்லி உதடு. அவ அழல... நான்தான் வெளிய வந்து அழுதேன்.

சங்கிலியம்மாள்: ம்... அது தெரியும்.

முத்துப்பேச்சி: அதெப்படித் தெரியும்?

சங்கிலியம்மாள்: உன்னத் தெரியாதா எனக்கு? நீ மேல சொல்லு.

முத்துப்பேச்சி: நாளைக்கு எக்ஸ்ரே பாத்துட்டு, ஒடஞ்ச எடத்தப் பல்லு நெறத்துலயே கட்டி விடுவாக. அப்புறமும் வேரு மூடுற வரைக்கும் அப்பப்பப் போகணும். வருசக்கணக்குல ஆனாலும் ஆகுமாம்.

சங்கிலியம்மாள்: அம்புட்டுக்கும் குச்சனூரா? சனீஸ்வரனே "வேற பொய் சொல்லும்மா"ன்னுருவாரு.

முத்துப்பேச்சி: அதான் மதினி சிக்கலே. நேத்துச் சோறு போடுறப்ப உங்க தம்பி சொல்றாக... "நீ இம்புட்டு பக்தியாப் போறியே, இந்த வாரம் நானும் வர்றேன்"னு.

சங்கிலியம்மாள்: அய்யய்யோ... இரு... வயிறு வலிக்குது... வேட்டியெல்லாம் தொவச்சாச்சா?

முத்துப்பேச்சி: இந்தா, இதான் அந்த வேட்டி! சிரிக்காதீக. நாளைக்கு அவுக கூட வந்தா நான் தேனிக்கு எப்படிப் போவேன்? மறுநாள் போடியில இழுத்துருவாக. வளந்துக்கிட்டு இருக்க வேரு மதினி...

சங்கிலியம்மாள்: உள்ளதச் சொல்லிர வேண்டியதுதான?

முத்துப்பேச்சி: மொத நாளே சொல்லிப் பாத்தேன். "எங்க மச்சான் பொய் சொல்லுவாரா?"ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல என் பேச்சு எங்க எடுபடுது?

சங்கிலியம்மாள்: சரி. சாயங்காலம் வரட்டும், நான் பேசுறேன்.

முத்துப்பேச்சி: நீங்களா? வேணாம் மதினி, உங்களக் கும்பிடுறேன். உங்க வாயில விழுந்தா விடியிறதுக்குள்ள கம்பம் வரைக்கும் போயிரும்.

சங்கிலியம்மாள்: கம்பம் என்ன, கூடலூர் தாண்டிக் கொமுளிக்கே போகும். ஆனா இது போகாது.

முத்துப்பேச்சி: போகாட்டியும்... நீங்க சொன்னா மட்டும் கேட்டுருவாகளா? மச்சான் சொல்லுக்கு மேல உங்க சொல்லா?

சங்கிலியம்மாள்: சொன்னாத்தான கேக்கணும்? நான் காட்டப் போறேன்.

முத்துப்பேச்சி: என்னத்த?

சங்கிலியம்மாள்: அங்கன மாடியில யாரும் நிக்கலையே? அந்தச் சேலைய இழுத்து விடு. ம்... இங்கன பாரு.

முத்துப்பேச்சி: எதுக்கு வாய்க்குள்ள வெரல... ஆத்தாடி! மதினி! இது கட்டுன பல்லா? இத்தன வருசமா பக்கத்து வீட்டுல இருந்து எனக்கே... அப்ப நீங்க பாத்திரக்கடையில நிக்கல!

சங்கிலியம்மாள்: அதே ஆஸ்பத்திரி உள் ரூம்புல வாயத் தொறந்துக்கிட்டுப் படுத்திருந்தேன், இது ஆடுதுன்னு. நீ வெளிய அழுதது அங்கனதான் கேட்டுச்சு... எனக்கும் இதே முன்பல்லுதான், ஒம்பது வயசுல ஒடஞ்சது. எங்கய்யா நூலக் கட்டி இழுத்துப்புட்டு, "மொளச்சிரும் தாயி"ன்னாரு. இன்னும் காலையில கண்ணு முழிச்சதும் நாக்கு மொத வேலையா அங்கன போயித் தடவிப் பாக்குதுடி... மொளைக்கல.