ஒரு சொட்டு மிச்சமில்லாம

– அந்தப் பால் எடுக்கிற மெஷினை ஏன் பெட்டியில போட்டு ஒட்டுற?

– குடுத்துடப் போறேங்க. எங்க பிரஸ்ல பக்கத்து மேஜையில அச்சடிச்ச தாள் மடிக்கிறாளே, அவளுக்கு அடுத்த மாசம் பிரசவத் தேதி. கடையில இதோட விலையைக் கேட்டுட்டு மயக்கம் போடாத குறையா வந்து நின்னா. எங்க வீட்டுல ஒண்ணு சும்மாதான் கிடக்கு, கொண்டு வர்றேன்னு சொல்லிட்டேன்.

– நமக்கு வேண்டாமா?

– எதுக்கு? பால் வத்தி ரெண்டு மாசம் ஆகப்போகுது. இதை வெச்சு ஜூஸ் பிழியவா?

– இல்ல, என்ன சொல்றேன்னா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே.

– எனக்கு இதைப் பார்க்கவே பிடிக்கலைங்க. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம், பெத்த பிள்ளைக்கே ஒத்துக்காத பாலைக் குடுத்தவதானே நீன்னு கேக்குற மாதிரி இருக்கு. போய்த் தொலையட்டும். அந்த ட்யூபை இப்படித் தள்ளுங்க.

– இந்தா. அட, உள்ளே நம்ம குட்டித் துரை முழிச்சுட்டார் போல. நீ போய்த் தூக்கு. நான் பாட்டில் கழுவிட்டு இருக்கேன், கையெல்லாம் சோப்பு.

– நீங்களே கையைத் துடைச்சுட்டுப் போங்க.

– நீ வேலையில இருந்து வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் அவன் கிட்டக்கூடப் போகலை.

– வந்ததும் பார்த்தேனே. கதவுகிட்ட நின்னு பார்த்தேன். நல்லாத்தான் இருக்கான்.

– நின்னு பார்த்துட்டு வர்றதுக்கு அவன் என்ன பொருட்காட்சியா?

– அவனுக்கு உங்க கைதான் பழகியிருக்கு. நான் தூக்கினா நெஞ்சுல முகத்தை வெச்சுத் தேடுறான். தேடிட்டுக் கிடைக்கலைன்னு அழறான். அவனுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். எதுக்கு அந்த வம்பு? பாருங்க, சத்தத்தைக் காணோம். மறுபடி தூங்கிட்டான்.

– நீ இப்படிப் பேசுறது எனக்குப் பிடிக்கலை.

– இன்னொண்ணும் இருக்கு. அதுவும் பிடிக்காது. சொல்லிடறேன்.

– என்ன?

– பிரஸ்ல புது கிளை திறக்குறாங்க. அங்கே இருக்கிற பொண்ணுங்களுக்குப் பைண்டிங் சொல்லிக் குடுக்க ஆள் கேட்டாங்க. ஆறு மாசம். அங்கேயே தங்கணும். வாரத்துல ஒரு நாள் வீட்டுக்கு வந்துட்டுப் போகலாம். நான் போறேன்னு சொல்லியிருக்கேன். நாளைக்குக் கையெழுத்து.

– நீ என்ன, விளையாடுறியா?

– இல்லைங்க.

– அஞ்சு மாசப் பிள்ளையை விட்டுட்டா?

– நீங்க இருக்கீங்களே. ஒரு பக்கம் உடைஞ்ச ஃபோனை ரிப்பேர் பண்ணிக்கிட்டே இன்னொரு பக்கம் அவனையும் பார்த்துக்கிறீங்க. டின் பால் இருக்கு. அவன் இப்போ கக்குறது இல்லை, எடையும் ஏறியிருக்கான். என்னால அவனுக்கு ஆக வேண்டியது என்ன இருக்கு, சொல்லுங்க. ஒண்ணு சொல்லுங்க, போகலை.

– நீ அவனுக்கு அம்மா.

– ஆமாமா, பெரிய அம்மா. நான் குடுத்தது அவன் மூக்கு வழியா வந்தது. ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு வேளையும் குடிச்சு முடிச்ச கையோட பீச்சி அடிப்பான். துணி மாத்தி மாத்தி, ஒரு நாளைக்குப் பதினாலு துணி துவைச்சீங்க. உங்க அக்கா ஃபோன்ல, நீ என்ன சாப்பிடுற, சொல்லு சொல்லுன்னு போலீஸ் மாதிரி விசாரிச்சாங்க. காரத்தை விட்டேன். புளிப்பை விட்டேன். காபியை விட்டேன். ஒன்றரை மாசம் உப்புச்சப்பில்லாம தின்னேன். அப்பவும் கக்கினான். டின் பாலுக்கு மாத்தினீங்க, மூணே நாள்ல நின்னுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

– கொஞ்சம் உட்காரு.

– உட்கார்ந்தா பெட்டியை யார் ஒட்டுறது?

– உட்காருன்னு சொல்றேன்ல. கத்தரிக்கோலைக் கீழே வை. நான் ஒண்ணு சொல்லணும். ஒன்றரை மாசமா சொல்லணும்னு இருக்கேன்.

– என்னங்க, முகமே சரியில்லை?

– உன் பாலுக்கு ஒண்ணுமில்லை.

– சமாதானம் சொல்லாதீங்க. போதும்.

– சமாதானம் இல்லை. குடுத்தவன் மேலதான் தப்பு.

– புரியலை.

– நீ தினமும் பிரஸ்ல பால் எடுத்து ரெண்டு பாட்டில் கொண்டு வருவே. ஒவ்வொண்ணும் நூத்தி எண்பது மில்லி. மறுநாள் நான் ஒரு பாட்டிலை அப்படியே வெந்நீர்ல வெச்சுச் சூடு பண்ணுவேன். அவன் பாதிக்குக் கொஞ்சம் மேல குடிப்பான். அப்புறம் தலையைத் திருப்பிக்குவான். வாயை மூடிக்குவான்.

– சரி?

– சூடு பண்ணினதைத் திரும்ப ஃபிரிட்ஜ்ல வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தே. அப்போ மிச்சத்தை என்ன பண்றது? ஊத்தணும். எனக்கு ஊத்த மனசு வரலை.

– ஊத்தாம?

– குடுத்தேன். கொஞ்ச நேரம் தோள்ல போட்டுத் தட்டி, வேடிக்கை காட்டி, அவன் வாயைத் திறக்கும்போது மறுபடி வைப்பேன். பாட்டில் காலியாகுற வரைக்கும். ஒரு சொட்டு மிச்சமில்லாம.

– ரெண்டு மாசப் பிள்ளைக்கு நூத்தி எண்பதா?

– அதோட போச்சா? கக்கிட்டான்னா, ஐயோ வயிறு காலியா இருக்குமேன்னு அடுத்த பாட்டிலை எடுப்பேன்.

– ராத்திரியில என்கிட்ட நேரா குடிச்சா இவ்வளவு கக்க மாட்டேங்கிறான்னு நான் அப்பவே சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்.

– சொன்னே. பகல்ல படுத்தே கிடக்கான், அதனாலதான்னு நான் சொன்னேன். நான் சொன்னதை நானே நம்பினேன்.

– டாக்டர் கேட்டிருப்பாரே? ஒரு வேளைக்கு எவ்வளவு குடுக்குறீங்கன்னு கேக்காம இருப்பாங்களா? அன்னிக்கு எனக்கு லீவு கிடைக்கலை, நீங்கதானே கொண்டு போனீங்க.

– முதல் கேள்வியே அதுதான்.

– நீங்க என்ன சொன்னீங்க?

– தொண்ணூறு மில்லின்னு சொன்னேன்.

– ஏங்க?

– சுவத்துல ஒரு அட்டை மாட்டியிருந்தாங்க. எந்த மாசத்துக்கு எவ்வளவுன்னு. உட்கார்ந்திருக்கும்போது படிச்சேன். ஆம்பளை வீட்டுல இருந்து பிள்ளை வளர்க்கிறான், அளவு கூடத் தெரியலைன்னு அந்த நர்ஸம்மா நினைச்சுடுவாங்களோன்னு அட்டையில இருந்ததையே சொன்னேன். டாக்டர் என்ன பண்ணுவார், பாவம். அளவு சரியா இருக்கு, அப்பவும் எதுக்களிக்குதுன்னா, ரெண்டு வாரம் இந்த டின் பாலைக் குடுத்துப் பாருங்க, அம்மா தாய்ப்பாலை எடுத்து வெச்சுட்டே இருக்கட்டும், அப்புறம் வாங்க, முடிவு பண்ணலாம்னார்.

– எடுத்து வெச்சுட்டே இருக்கட்டும்னு சொன்னாரா? என்கிட்ட நீங்க அதைச் சொல்லலையே.

– டின்னைத் திறந்த மூணாம் நாள் அவன் கக்கலை. அந்தச் சந்தோஷத்துல எல்லாமே மறந்து போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு நாம போகவும் இல்லை.

– டின் பால் மட்டும் எப்படி ஒத்துக்கிச்சு? அதையும் நீங்கதானே குடுத்தீங்க?

– டின்ல எழுதியிருக்கே. இத்தனை கரண்டி, இவ்வளவு தண்ணி. நான் ஸ்க்ரூ எண்ணி மாட்டுறவன், எழுதியிருந்தா அதைத் தாண்ட மாட்டேன். மிச்சம் இருந்தா கை கூசாம சிங்க்ல ஊத்திடுவேன். டின் பால்தானே, போனா போகுது.

– இது எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?

– டின்னுக்கு மாறி ரெண்டு வாரம் இருக்கும். ஒருத்தன் ஃபோனை இப்பவே குடுன்னு தலை மேல உட்கார்ந்திருந்தான். அந்த அவசரத்துல, குடுத்தது மறந்து, அரை மணி நேரத்துல இன்னொரு தடவை குடுத்துட்டேன். குடிச்சு முடிச்சதும் பீச்சி அடிச்சான். அதே மாதிரி. மூக்கு வழியா. துணியைக் கையில வெச்சுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன்.

– அன்னிக்கே ஏன் சொல்லலை?

– நீ அதுக்கு முன்னாடி வாரமே வத்திப்போச்சுன்னு சொல்லிட்டே. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது, உனக்கு வயித்தெரிச்சல்தான் மிச்சம்னு நினைச்சேன். அது பொய். எனக்குப் பயம்.

– பாதிப் பாட்டிலை மட்டும் சூடு பண்ணியிருக்கலாமே. வேற ஒரு டம்ளர்ல ஊத்தி, வேணுங்கிறதை மட்டும்.

– தோணலை.

– இவ்வளவு சின்ன விஷயம்.

– ஆமா. தோணலை. தினமும் நினைச்சுப் பார்க்கிறேன், ஏன் தோணலைன்னு. என் கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம், நீ சாப்பாட்டு நேரத்தை விட்டுட்டு, அந்தக் குடோன்ல பேப்பர் கட்டு மேல உட்கார்ந்து, யாராவது வந்துடப் போறாங்கன்னு கதவுக்கு நாற்காலி முட்டுக் குடுத்து, எடுத்துட்டு வர்ற பால். அதை எப்படிக் கீழே ஊத்துறது?

– என் பாலுக்கு ஒண்ணுமில்லையா?

– ஒண்ணுமே இல்லை.

– இன்னொரு தடவை சொல்லுங்க.

– உன் பால் நல்ல பால். நான்தான் அளவு தெரியாம திணிச்சேன்.

– கையை எடுங்க. இப்போ என்னைத் தொடாதீங்க.

– சரி.

– குளிக்கும்போது கூட நான் குனிஞ்சு என் நெஞ்சைப் பார்க்கிறதில்லை, தெரியுமா? ரெண்டு மாசமா பிள்ளையைத் தூக்க யோசிச்சுட்டு இருக்கேன். என் மேல இருக்கிற வாசனைகூட அவனுக்கு ஆகாதோன்னு. நீங்க பக்கத்துலயே இருந்து பார்த்துட்டு இருந்திருக்கீங்க.

– பார்த்துட்டுத்தான் இருந்தேன். திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு.

– திட்டுறதுக்கு என்ன இருக்கு? ஊத்த மனசு வரலைன்னு சொல்ற ஆளை என்னன்னு திட்டுறது?

– கையெழுத்து மட்டும் போடாதே. அவன் உன்னைத் தேடுறான்னு நீயே சொன்னே. பால் இல்லைன்னா பரவாயில்லை, சும்மா தூக்கி வெச்சுக்கோ. போன பாலை நான் எங்கே போய்த் திருப்பிக் கொண்டு வருவேன், சொல்லு. அது ஒண்ணு மட்டும் என்னால ஆகாது.

– ஏங்க.

– சொல்லு.

– அன்னிக்கு அந்த டின்னைக் கையில பிடிச்சுக்கிட்டு, மூணு நாளா கக்கவே இல்லைன்னு அப்படிச் சிரிச்சீங்க. அதுக்கப்புறம் எனக்கு இன்னும் சுரக்குதுன்னு சொல்ல வாய் வரலை, வத்திப்போச்சுன்னு சொல்லிட்டேன். இத்தனை நாளும் மத்தியானத்துல அதே பேப்பர் கட்டு மேல உட்கார்ந்து, கையாலயே பிழிஞ்சு, பசை பிரஷ் கழுவுற தொட்டியில கொட்டிட்டுத்தான் வர்றேன். இன்னிக்கும் கொட்டினேன்.