கால் சின்னதாகிவிட்டது என்றொரு நல்ல செய்தி

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, பட்டறைத் தோழர்களே, நம் கடிதாசி அக்காவின் கணவரே, மகளே, மறைந்த அக்காவின் நினைவைப் போற்றக் கூடியிருக்கும் அன்பர்களே!

"சார், பாடம் நடத்தறப்போ புத்தகத்தைப் பார்ப்பீங்களா, பிள்ளைங்க முகத்தைப் பார்ப்பீங்களா?"

பணி ஓய்வுக்குப் பிறகு இந்தச் செயற்கைக்கால் மையத்துக்கு உதவ வந்த முதல் நாள் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. வயதில் மூத்த எனக்கும் அவர் அக்காதான்! "முகத்தைத்தான்" என்றேன். "அப்போ கடிதாசிக்கும் ஒரு முகம் வேணும்ல?" என்று எதிரே ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நன்கொடையாளருக்கு எழுதும் முன், அவர் அதில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பேசுவார். கணக்குப் பிரிவினர் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். "சிரிங்க! உங்க ஆண்டறிக்கையை வாசிச்சேன், நாற்காலி எழுந்தே போயிடுச்சு" என்பார்.

அன்பர்களே, குழந்தை வளரும். நாம் செய்து கொடுத்த கால் வளருமா? நன்கொடை தந்தவரை ஒருமுறையோடு மறந்துவிட்டால், அந்தக் குழந்தை மறுபடி எப்படி நடக்கும்?

ஒரு சிறுமியின் கால் அப்படித்தான் பத்தாமல் போனது. அந்தக் காலுக்குப் பணம் தந்தவர் ஒரு தையல்காரம்மா. புதுக் காலுக்காக அவருக்குத் தலைவர் எழுதிய வேண்டுகோள் நிறுவனத்தின் வரலாற்றோடு தொடங்கியது. சிரிக்கிறாரே, அவரேதான்! அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு எழுதினார்: "அம்மா, ஒரு நல்ல செய்தி. நீங்கள் தந்த கால் சின்னதாகிவிட்டது. உங்கள் பெண் வளர்ந்துவிட்டாள்!"

தலைவர் பதறினார். "கால் பத்தலைன்னா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"பிள்ளை வளர்ந்துட்டான்னு கேட்டு யாராவது கோவிச்சுப்பாங்களா சார்?"

என்ன நடந்தது தெரியுமா? தையல்காரம்மா நேரிலேயே வந்துவிட்டார்! கூடவே, ஆளுக்குக் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு, கடையில் தைக்கும் அத்தனை பெண்களும்! கையில் ஒரு புதுச் சட்டை. "அளவு எழுதலையே நீங்க. அதான் கொஞ்சம் தாராளமா தைச்சேன், வளர்ற பிள்ளையாச்சே." புதுக் காலோடு அந்தச் சிறுமி நம் நடைக்கூடத்தில் ஓடினாள். நடக்கவில்லை ஐயா, ஓடினாள்! அக்கா கைதட்டிய சத்தம் பட்டறை வரை கேட்டது!

அப்படிப்பட்ட அக்காவை வெறும் கண்ணீரோடு அனுப்பலாமா? கூடாது! அந்தச் சிறுமி மறுபடியும் வளர்ந்திருக்கிறாள். போன வாரம் அளவெடுத்தாயிற்று. தையல்காரம்மாவுக்கு நான் எழுதுகிறேன். இன்னும் எத்தனையோ பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு உதவியவர்களும் செய்தி தெரியாமல் இருக்கிறார்கள். அக்காவின் பேனா ஓயாது, நாம் ஓயவிட மாட்டோம்!

வாசலில் அஞ்சல் உறைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் ஒரு நன்கொடையாளரின் முகவரியும் அவர் உதவிய பிள்ளையின் செய்தியும் உண்டு. ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, அந்த நன்கொடையாளரை அதில் நினைத்துக்கொண்டு, அவரால் நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதை அப்படியே எழுதுங்கள்.