வால்நட் கட்டையும் ஒரு ஏணியும்

...ப்ளாஸ்டிக்ல செய்யுறானுங்க தம்பி, ப்ளாஸ்டிக்ல. துப்பாக்கிக்குக் கட்டையைப் போய் ப்ளாஸ்டிக்ல. தோள்ல அணைச்சுப் பிடிக்கிற சாமான், கன்னத்தை வெச்சுச் சாயுற சாமான். டிசம்பர் மாசக் குளிர்ல அதுல கன்னத்தை வெச்சுப் பாருங்க, சோப்பு டப்பாவுக்கு முத்தம் குடுக்குற மாதிரி இருக்கும். எங்க வேட்டைச் சங்கத்துல பாதிப் பேரு இப்ப அதைத்தான் தூக்கிட்டு அலையுறானுங்க. கேட்டா, மழையில ஊறாதாம். நீ ஏன்டா மழையில நிக்குற?

ஏணியா? தர்றேன், தர்றேன். அதோ சுவத்துல சாத்தியிருக்கு, எங்கயும் ஓடிப் போகாது. உங்க வீட்டுக் கூரை பத்து வருஷமா ஒழுகுது, இன்னும் பத்து நிமிஷம் ஒழுகுனா வீடு முழுகிடாது. வித்தவன் சொல்லலையா? சொல்ல மாட்டான். பெல்கிராட் பட்டணத்துலேர்ந்து வர்ற ஆளுங்களுக்குன்னே வெச்சிருந்த வீடுல்ல அது. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேணாம், பசை காயல. இந்தாங்க, ப்ளம் சாராயம், வீட்ல காய்ச்சுனது. ஒரு மடக்கு குடிச்சுட்டு இதைக் கையில வாங்குங்க.

வால்நட் மரம். என் மாமனார் வீட்டு முத்தத்துல நின்னது, ஒரு புயல்ல சாஞ்சுது. அவருக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டு மருமகன். மரத்தையும் நடுவுல அறுத்து ஆளுக்குப் பாதி குடுத்தாரு. ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி என் சகலை மிலோய்கோவுக்கு. நான் என் பங்கைப் பலகையா அறுத்துப் பரண்ல ஒன்பது வருஷம் காயப் போட்டேன். அவன் என்ன பண்ணுனான் தெரியுமா? அடுப்புல வெச்சான். வால்நட்டை... அடுப்புல. கேட்டா, குளிருச்சுங்குறான்.

கை பிடிக்கிற இந்தக் கழுத்தைப் பாருங்க, மரத்து நாரு எப்படி வளைஞ்சு போகுதுன்னு. கட்டை எப்பவும் கழுத்துலதான் உடையும். நாரு குறுக்க ஓடுச்சுன்னா, சுடும்போது ஒரு இடி, போச்சு. கழுத்து வளையுற பக்கமே நாரும் வளையணும். அதுக்காக நாலு பலகையை வேணாம்னு ஒதுக்குனேன். என் பொண்டாட்டி யெலித்சா இங்க வந்து நின்னுக்கிட்டு, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இதுல பாதி யோசிச்சீங்களான்னு கேக்குறா. அவளுக்கு வயித்தெரிச்சல். இந்த மரத்துல சாப்பாட்டு மேஜை செஞ்சு தர்றேன்னு ஒன்பது வருஷமா சொல்லிட்டிருந்தேன்ல, அதான்.

செதுக்குறது பெரிய வேலை இல்ல. குழலும் விசையும் சேந்த இரும்பை உள்ள உக்கார வெக்கிறதுதான் வேலை. மண்ணெண்ணெய் விளக்குல இரும்பைக் காட்டிக் கரி பிடிக்க வெக்கணும். அப்புறம் கட்டையில வெச்சு அழுத்தி எடுக்கணும். எங்க கறுப்பு ஒட்டியிருக்கோ அங்க மட்டும் உளியால ஒரு சுரண்டு. திரும்பக் கரி, திரும்ப அழுத்து, திரும்பச் சுரண்டு. மூணு வாரம், தம்பி. இப்ப இருக்குற ஆளுங்க வீடியோ பாத்துட்டு, மெஷினை விட்டுக் குடைஞ்சு, இடைவெளியில பசையை ஊத்தி அடைக்கிறானுங்க, சொத்தைப் பல்லை அடைக்கிற மாதிரி. ...நீங்க பல்லு டாக்டர் இல்லையே? நல்ல வேளை.

சரி, தோள்ல வெச்சுப் பாருங்க. பயப்படாதீங்க, வெறும் கட்டைதான். இதுல வெச்சுப் பாத்த இரும்பு என் துப்பாக்கியோடது, அது அலமாரியில பூட்டிக் கிடக்கு. ம்... இன்னும் மேல. கன்னத்தைச் சாய்ங்க.

நீளமா இருக்கா? உங்களுக்குக் கை குட்டை. எனக்கும்தான் குட்டை, அதனால என்ன. ...என்னது? கன்னம் வெக்கிற மேடு அந்தப் பக்கம் இருக்கா? எந்தப் பக்கம்? ஓ. கண்ணு நல்லாத்தான் தெரியுது உங்களுக்கு.

தப்பா செதுக்கலைங்க. நாப்பது வருஷம் பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்த ராதிசாவ் இடது வலது தெரியாம செதுக்குவானா? இடது தோளுக்கு மாத்துங்க. மாத்திட்டீங்களா, கன்னம் எப்படி உக்காருது பாத்தீங்களா? இது இடது கைக்காரனுக்குச் செஞ்ச கட்டை. இந்த ஊர்ல இடது கைக்காரன் ஒரே ஒருத்தன்தான். மேல் தெரு, பச்சைக் கேட்டு வீடு.

ஆமா, அவனேதான். மிலோய்கோ. அடுப்புல வெச்சவன். அவன் பேச்சை எடுக்காதீங்க, ரெண்டு வருஷமா நாங்க பேசுறதில்ல. எங்க ரெண்டு பேரு துப்பாக்கியும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்குனது, ஒரே மாதிரி இரும்பு, என்னோடது உக்காந்தா அவனோடதும் உக்காரும். அவன் மட்டும் இடது கைக்குன்னு தனியா கட்டை போட வெச்சான். அதுலயும் ராஜா அவரு.

ரெண்டு வருஷம் முந்தி காட்டுப் பன்னி வேட்டை. மத்தியானம் சங்கத்து வேட்டைக் குடிசைக்குத் திரும்பி வந்தோம். இவன் குண்டையெல்லாம் எடுத்துட்டு, அதுல மட்டும் ஒழுங்கு, துப்பாக்கியை என் ஜீப்புக்குப் பின்னாடி சாத்தி வெச்சுட்டு சூப் குடிக்க உள்ள போயிட்டான். எல்லாரும் குடிச்சோம். வெளிய வந்து, வேலியில சாஞ்சிருந்த துப்பாக்கியைத் தூக்குறான், கட்டை ரெண்டா வருது. கழுத்துல. முப்பது பேரு முன்னாடி நான் சொன்னேன், துப்பாக்கியைக் குடை மாதிரி கண்ட இடத்துல சாத்துறவனுக்குத் துப்பாக்கி எதுக்குடான்னு. எல்லாரும் சிரிச்சானுங்க. அவன் சிரிக்கல.

அப்புறம் பசை போட்டு ஒட்டி, கம்பி சுத்தி எடுத்துட்டு வந்தான். சங்கத் தலைவர் செதோமிர் பாத்துட்டு, இதை வெச்சு உன்னைச் சுட விட மாட்டேன், நல்ல கட்டை போடுற வரைக்கும் பன்னி விரட்டுற ஆளுங்களோட போன்னுட்டாரு. இப்ப கடையில கிடைக்கிறதெல்லாம் வலது கைக் கட்டை, தனியா போட்டுத் தர ஆள் இல்ல. செதுக்கலாம்னா இவனுக்கு உளி பிடிக்கத் தெரியாது, பங்கு மரமும் சாம்பலாயிடுச்சு. யாருகிட்டயும் போய்க் கேக்குற ஆளும் இல்ல. அறுபத்திரெண்டு வயசுல இளவட்டங்களோட சேந்து, தகரத் தட்டைத் தட்டிக்கிட்டு முள்ளுக்குள்ள ஓடுறான். நான் மேட்டுல என் இடத்துல நிக்குறேன். பன்னி வர்றதுக்கு முன்னாடி அவன் இருமல் வந்து சேருது. ரெண்டு சீசன். அந்த இருமலைக் கேட்டுக்கிட்டு எவன் குறி பாக்குறது? ஒரு பன்னி விழல எனக்கு.

என்ன?

ஜீப்புல சாத்துன துப்பாக்கி வேலிக்கு எப்படிப் போச்சுன்னா?

...சங்கத்துல முப்பது பேரு தம்பி. அதுல ரெண்டு பேரு போலீஸ். ரெண்டு வருஷமா ஒருத்தன் இதைக் கேக்கல. ஏணி கேட்டு வந்த ஆள் நீங்க கேக்குறீங்க.

நான்தான். சேறா இருக்குன்னு சூப்புக்கு முன்னாடி ஜீப்பைப் பின்னால எடுத்தேன். பாக்கல. சத்தம் கேட்டுச்சு. வால்நட் கட்டை உடையுற சத்தம் எனக்குத் தெரியாதா? இறங்குனேன். நாயைத் தவிர யாரும் இல்ல. துடைச்சு வேலியில சாத்துனேன், பாக்க முழுசாத்தான் இருந்துச்சு. சொல்லிடலாம்னுதான் உள்ள போனேன். சத்தியமா. தட்டுல சூப் ஊத்திட்டாங்க. அப்புறம் வெளிய வந்து அவன் ரெண்டு துண்டையும் கையில வெச்சுக்கிட்டு முதல்ல என்னைத்தான் பாத்தான். வேற யாரையும் பாக்கல. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் வாயில அந்தக் குடை வந்துச்சு. அசிங்கமா இருக்கு தம்பி. சொல்லும்போதே அசிங்கமா இருக்கு.

அளவா? எதுக்கு எடுக்கணும்? முப்பது வருஷம் பக்கத்துல நின்னவன், அவன் கை எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா? குரங்குக் கை.

ஏன் எழுந்திரிக்கிறீங்க? கேளுங்க, உங்களால ஒரு காரியம் ஆகணும். இன்னைக்கு அவன் வீட்டுக் குலசாமி நாள், புனித நிக்கோலா. எங்க வழக்கம் தெரியும்ல, குலசாமி நாளுக்கு யாரையும் அழைக்க மாட்டாங்க, வந்தவனை வாசல்ல நிறுத்தவும் மாட்டாங்க. எவனா இருந்தாலும் உள்ள கூப்பிட்டு ஊத்தித்தான் ஆகணும். மேஜை முழுக்க மீன் இருக்கும், அவன் பொண்டாட்டி ஸ்தானொய்கா கைச் சமையல். நீங்க போங்க, புதுசா வந்தவருன்னு சந்தோஷப்படுவாங்க. இதை அவன் கையில குடுத்து, கடையில வாங்குனேன்னு சொல்லுங்க. இல்ல, வேணாம், மரத்தைப் பாத்தாலே மாமனார் வீட்டு மரம்னு தெரிஞ்சிடும். ஒண்ணும் சொல்லாதீங்க. வெச்சுட்டு மீனைத் தின்னுட்டு வாங்க. யாரு செஞ்சதுன்னு கேட்டா, பெல்கிராட் ஆளு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்க, நம்புவானுங்க. ஏணி வேணும்னா இதைக் கொண்டு போகணும். அவ்வளவுதான் பேச்சு.

இருங்க, சுத்திக் குடுக்குறேன். நல்ல துணி ஒண்ணு இங்கதான் இருந்துச்சு. எண்ணெய் இன்னும் லேசா ஒட்டும், ஆளிவிதை எண்ணெய் ஏழு தடவை பூசியிருக்கேன், விரல் படாம தூக்கணும். வாசல்ல அவன் நாயி குலைக்கும், கடிக்காது. முதலாளி மாதிரிதான், முறைக்க மட்டும் தெரியும். அப்புறம் ஸ்தானொய்கா கேட்டா... என் மச்சினிதான், போன்ல எங்க யெலித்சாகிட்ட தினம் ஒரு மணி நேரம் பேசுறவ... அவ கேட்டா மட்டும்...

தம்பி?

போயிட்டான். சாராயம் பாதி அப்படியே இருக்கு. ஏணியைக்கூட எடுக்கல. இதுதான் பெல்கிராட். ஒரு கட்டையை மேல் தெரு வரைக்கும் கொண்டு போய்க் குடுக்கத் துப்பில்ல, வந்துட்டான் கூரை ஏற.

யெலித்சா! என் கறுப்புக் கோட்டு எங்க? ...எதுக்கா? ஒருத்தன் மூஞ்சியில ஒரு கட்டையை எறிஞ்சுட்டு வரணும், அதுக்கு. ...என்னது, கட்டில் மேல இருக்கா? எப்ப எடுத்து வெச்ச?

...காலையிலயேவா.

சரி. ...சரி, விடு. அந்தப் பழைய தகரத் தட்டு ஒண்ணு இருந்துச்சே, அதையும் தேடி வை. ஞாயித்துக்கிழமை வேட்டையில பன்னி விரட்ட. ...எனக்குத்தான். வேற யாருக்கு.